அறையா, பழக்கமா?

கதை எழுதுகிறவர்களுக்கு வரும் குழப்பம் இது: ஒரு பாத்திரத்தின் குணத்தை அவர் வாழும் இடத்தால் காட்டுவதா, பழக்கத்தால் காட்டுவதா? சார்லஸ் டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ (1861) நாவலில் இரண்டும் உண்டு.

இடம்: தனிமையில் வாழும் பணக்காரப் பெண்மணி மிஸ் ஹாவிஷாமின் அறை. எட்டு நாற்பதில் நின்ற கடிகாரங்கள், மஞ்சளேறிய கல்யாண உடை, ஒரு காலில் மட்டும் ஷூ. கதாநாயகனின் நண்பன் ஹெர்பர்ட் பின்னால் அவள் கதையைச் சொல்வதற்கு முன்பே, அவள் எந்த நாளில் உறைந்துபோனாள் என்று ஊகித்துவிடுகிறோம்.

பழக்கம்: வக்கீல் ஜாகர்ஸ், கட்சிக்காரர் போனதும் வாசனை சோப்பால் கை கழுவுவார்.

பக்கச் செலவு: அறைக்கு அதிகம், பழக்கத்துக்கு ஒரு வரி போதும்.

நினைவில் நிற்பது: அறைதான், சந்தேகமே இல்லை.

ஆபத்து: அறை கதையோட்டத்தை நிறுத்தும், பழக்கம் மிகுந்தால் கேலிச்சித்திரமாகும்.

கடந்த காலத்தில் சிக்கியவரை எழுத அறை. மனதைப் பூட்டி வைத்திருப்பவரை எழுதப் பழக்கம்.