தேறுமா இந்தச் சைக்கிள்? ஒரு மாடிப்படிக்குக் கீழே மூன்று பழைய வண்டிகள்

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு வீட்டைக் காலி செய்தார்கள். மாடிப்படிக்குக் கீழே மூன்று சைக்கிள் கிடந்தன. தாத்தா ஓட்டிய 24 இஞ்ச் ஃபிரேம் ஹெர்குலிஸ் ஒன்று. மகள் கல்லூரிக்குப் போய்வந்த லேடீஸ் சைக்கிள் ஒன்று. பேரனுக்கு வாங்கிக் கொடுத்து இரண்டு வருடம்கூட ஓடாத டபுள் ஷாக் கியர் சைக்கிள் ஒன்று. "மூணையும் எடுத்துக்கோ தம்பி, 2,500 ரூபா குடு, போதும்" என்றார் அந்த வீட்டு அம்மா. பழைய சைக்கிளை வாங்கிச் சரிசெய்து விற்கிறவன் நான். ஒருநாள் அவகாசம் கேட்டேன்.

பழைய இரும்புக் கடைக்காரர் எனக்கு முன்பே வந்து பார்த்திருந்தார். மூன்றும் சேர்ந்தால் 55 கிலோ வரும், 1,500 ரூபாய் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எந்தப் பழைய சைக்கிளைப் பார்த்தாலும் நான் முதலில் தெரிந்துகொள்ள விரும்புவது இந்த எடைக்காசைத்தான். அது கீழ்வரம்பு. அதற்கு மேல் நாம் போடும் ஒவ்வொரு ரூபாயும் நம் பொறுப்பு.

கீழே நான் சொல்லும் விலையெல்லாம் எங்கள் ஊர் விலை. உங்கள் ஊரில் கொஞ்சம் ஏறும், இறங்கும். ஆனால் எது செலவு வைக்கும், எது வைக்காது என்பது எல்லா ஊருக்கும் ஒன்றுதான். பழைய சைக்கிளைப் பார்ப்பவர்கள் துருவைக் கண்டு பயப்படுகிறார்கள். மேல்துரு ஒரு மண்ணெண்ணெய்த் துணிக்கும் இரும்பு நாருக்கும் அடங்கிவிடும். காசைத் தின்பவை ரப்பரும், கழன்று வராத இரும்பும், நம் கைவேலை நேரமும்தான்.

எதையும் கழற்றும் முன்

மூன்று வண்டிக்கும் ஒரே பரிசோதனை. முதலில் ஃபிரேம். ஹேண்டில் பாருக்குக் கீழே, முன்குழாயை ஒட்டி, சாய்வுக் குழாயின் அடிப்பக்கத்தை விரலால் தடவ வேண்டும். பெயிண்ட் சுருங்கி மடிப்பு விழுந்திருந்தாலோ குழாய் லேசாகப் புடைத்திருந்தாலோ அந்த வண்டி எதிலோ நேராக மோதியிருக்கிறது. அதை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுவேன். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் சரி, நாளைக்கு அதில் ஏறி ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போகும்.

அடுத்தது நூல். பின்சக்கர ஆக்சில் பக்கத்தில் ஒரு நூலைக் கட்டி, முன்குழாயைச் சுற்றி, மறுபக்க ஆக்சிலுக்கு இழுத்துக் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் இடையே இரண்டு பக்கமும் ஸ்கேல் வைத்து அளந்தால் ஒரே அளவு வர வேண்டும். இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பின்பகுதி வளைந்திருக்கிறது. இரும்பு ஃபிரேமை நிமிர்த்தலாம், ஆனால் அது தெரிந்தவர் கைக்குப் போக வேண்டிய வேலை, கூலியும் தனி.

செயினுக்கும் அந்த ஸ்கேலே போதும். ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வைத்து 12 இஞ்ச் தள்ளிப் பாருங்கள். புதுச் செயினில் 12 இஞ்சில் சரியாக ஒரு பின் நிற்கும். பின் ஒரு இஞ்சில் பதினாறில் ஒரு பங்கு தள்ளிப் போயிருந்தால் செயினை மட்டும் மாற்றலாம். எட்டில் ஒரு பங்கு போயிருந்தால் பின்சக்கரத்துப் பல்சக்கரமான ஃப்ரீவீலின் பல்லும் அதோடு சேர்ந்து தேய்ந்திருக்கும், இரண்டையும் மாற்ற வேண்டும்.

கடைசியாக சீட்டைத் தாங்கும் சீட் பில்லரும், சக்கரக் கம்பிகளை இறுக்கும் போக்ஸ் நிப்பிளும். சீட் பில்லர் போல்ட்டைத் தளர்த்திவிட்டு சீட்டைத் திருகினால் அசைய வேண்டும். அசையாவிட்டால் உள்ளே துரு பிடித்து ஒட்டிக்கொண்டது என்று பொருள். போக்ஸ் சாவியை நாலைந்து நிப்பிளில் போட்டுக் கால் சுற்று திருப்பிப் பாருங்கள். இறுகிப் போயிருந்தால் வீல் கோட்டம் எடுக்கும்போது போக்ஸ் கம்பிகள் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்து விழும். பழைய பெரிய சைக்கிளில் முன்சக்கரத்துக்கு 32, பின்சக்கரத்துக்கு 40, ஆக 72 கம்பி. அத்தனையும் மாற்றிப் பின்ன வேண்டி வந்தால் அந்த வண்டியில் லாபம் என்ற பேச்சே இல்லை.

மூன்று வண்டியும் ஃபிரேமில் தேறின. ஹெர்குலிஸில் சீட் பில்லர் நகரவில்லை.

ஹெர்குலிஸ்: ஆசை ஒரு பக்கம், கணக்கு ஒரு பக்கம்

இது அம்பத்தூர் வண்டி. 1949இல் முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் செய்தது. செயின் கவர் முழுசாக இருக்கிறது. அந்தக் காலத்தில் சைக்கிள் வரி கட்டியதற்கு நகராட்சி கொடுத்த வில்லைகூட முன் மட்கார்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பார்த்ததும் கை பரபரத்தது. இந்தப் பரபரப்பை நான் நம்புவதில்லை.

இது கேபிளுக்குப் பதில் கம்பிகளால் இழுக்கும் கம்பி பிரேக் வண்டி. இதில் ஒரு வசதி உண்டு. பிரேக் கட்டை ரிம்மின் பக்கவாட்டைப் பிடிப்பதில்லை, உள்வளையத்தைக் கீழிருந்து மேலாகத் தொடுகிறது. அதனால் சக்கரம் இடவலமாகக் கொஞ்சம் ஆடினாலும் பிரேக்குக்குப் பாதகமில்லை. மேலும் கீழுமாகக் குதித்தால்தான் பிரச்சினை. கேபிள் பிரேக் வண்டியில் இதற்கு நேர்மாறு, இடவல ஆட்டம் கொஞ்சம் இருந்தாலே கட்டை உரசும்.

உதிரிபாகத்துக்கும் கவலையில்லை. இதே மாதிரிப் பெரிய சைக்கிள் செய்துவந்த அட்லஸ் நிறுவனம் 2020 ஜூன் 3ஆம் தேதி, உலக சைக்கிள் தினத்தன்று, சாகிபாபாத் ஆலையில் வேலையை நிறுத்தியது. ஆனாலும் இன்று வீட்டில் அட்லஸ் வைத்திருப்பவர் பாகம் கிடைக்காமல் தவிப்பதில்லை. இந்தப் பெரிய சைக்கிள்கள் எல்லாம் ஒரே பழைய இங்கிலாந்து அச்சில் வார்த்தவை. பஞ்சாபின் லூதியானாவிலிருந்து வரும் சரக்கு எந்தப் பெயர் போட்ட வண்டிக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

டயர் வாங்கும்போது மட்டும் கவனம் வேண்டும். இதற்கு 28 × 1½ டயர், ரிம் விட்டம் 635 மில்லிமீட்டர். புது மாடல் சைக்கிள்களின் 700சி டயரிலும் சில சமயம் 28 என்று போட்டிருக்கும், ஆனால் அது 622. பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் ஒன்று மற்றதில் ஏறாது. டயர் பக்கவாட்டில் உள்ள மூன்று இலக்க எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

செலவை எழுதிப் பார்த்தேன். டயர் இரண்டு 760, டியூப் இரண்டு 300, மிதிகட்டை ஆக்சில், அது சுற்றும் கப், பால்ஸ் குண்டுகள் எல்லாம் 280, செயின் 180, மிதிகட்டைத் தண்டை ஆக்சிலில் இறுக்கும் காட்டர் பின் 40, பிரேக் ரப்பர் 40. மொத்தம் 1,600. வண்டிக்கு 1,100 என்று வைத்தால் முதலீடு 2,700. எங்கள் ஊரில் ஓடும் நிலையில் உள்ள பெரிய சைக்கிளுக்கு 3,000க்கு மேல் யாரும் தருவதில்லை. முன்பு இதைத் தேடி வாங்கிய பால்காரரும் காய்கறிக்காரரும் மொபெட்டுக்குப் போய்விட்டார்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை உழைப்புக்கு 300 ரூபாய். அதிலும் 24 இஞ்ச் வண்டிக்கு உயரமானவர்தான் வர வேண்டும், 22 என்றால் வாங்குகிறவர் அதிகம்.

ஹேண்டிலுக்குக் கீழே உள்ள தலைப்பட்டையில் வேறு பெயர் இருந்திருந்தால் கணக்கு மாறியிருக்கும். இங்கிலாந்தில் செய்த ராலி, இரட்டைக் கம்பி ஃபோர்க் உள்ள ஹம்பர் போன்றவற்றைச் சேகரிப்பவர்கள் தேடி வருகிறார்கள். பின் ஹப்பில் (சக்கரத்தின் நடுக்குடம்) ஸ்டர்மி-ஆர்ச்சர் என்று எழுதியிருந்தால் துடைத்துப் பாருங்கள், செய்த வருடத்தின் இரண்டு இலக்கம் பல ஹப்களில் பொறித்திருக்கும். அப்படிப்பட்ட வண்டியில் புதுப் பாகம் போடப் போட மதிப்பு குறையும். இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கிலாந்தின் நாட்டிங்காமில் செய்த ராலியின் மிதிகட்டை கப்புக்கு இஞ்சுக்கு 26 மரை, கடையில் கிடைப்பது 24 மரை. தேய்ந்துவிட்டால் உள்ளூர்க் கப் ஏறாது. இழுத்துத் திருகினால் ஃபிரேமின் மரையே போய்விடும். அந்த மாதிரி வண்டி கிடைத்தால் கழுவி, எண்ணெய் விட்டு, தெரிந்தவரிடம் காட்டுங்கள். ஸ்பேனரைத் தொட வேண்டாம்.

லேடீஸ் சைக்கிள்

பார்ப்பதற்கு மூன்றிலும் மங்கலானது இதுதான். முன்கூடை நசுங்கி, சீட் கிழிந்து, பின் டயர் பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஆனால் முன் டயரில் நல்ல உயிர் இருந்தது. செயின் 12 இஞ்சில் நின்றது. ரிம் சுற்றும்போது ஒரே ஒரு இடத்தில் உரசியது, போக்ஸ் சாவியில் ஐந்து நிமிட வேலை. கியர் கிடையாது, ஷாக் கிடையாது. கெட்டுப் போகக்கூடிய பாகங்களே குறைவு.

இதிலும் டயர் அளவில் ஏமாறலாம். பழைய லேடீஸ் வண்டிகளில் பெரும்பாலும் 26 × 1⅜, அதாவது 590. தடித்த டயர் வண்டியின் 26 × 1.95, 26 × 2.10 எல்லாம் 559. கடையில் "26 டயர் ஒன்று" என்று மட்டும் கேட்டால் தவறானது கைக்கு வரும்.

செலவு இப்படி ஆயிற்று: பின் டயர் 380, டியூப் இரண்டு 300, பிரேக் கேபிள் 80, பிரேக் கட்டை 60, பால்ஸும் கிரீஸும் 90. மொத்தம் 910. ஐந்து மணி நேரம் பிடித்தது. கூடையைத் தட்டி நிமிர்த்தினேன், சீட்டுக்கு உறை போட்டேன்.

இதற்கு வாங்குகிறவர் எப்போதும் இருக்கிறார். மூன்று கிலோமீட்டர் தள்ளித் தையல் வேலைக்குப் போகிறவர், காலை ஆறு மணிக்கு நாலு வீட்டு வேலைக்குப் போகிறவர், ஒன்பதாவது படிக்கும் மகளுக்குத் தேடும் அப்பா. அவர்கள் கேட்பது பளபளப்பு இல்லை. "பிரேக் பிடிக்குமா, வழியில செயின் கழலுமா" என்று இரண்டே கேள்வி. போட்டி என்றால் அரசு பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் விலையில்லா மிதிவண்டிதான். அது பல வீடுகளில் இருப்பதால் இந்த ரக வண்டி ஒரு விலைக்கு மேல் ஏறாது. அந்த எல்லைக்குள் வாங்கினால் தேறும். நான் 900க்கு எடுத்து 2,700க்குக் கொடுத்தேன், 890 நின்றது.

டபுள் ஷாக்

மூன்றில் புதியது, கண்ணுக்கு அழகானது, கையைக் கடிப்பதும் இதுதான். முதன்முதலில் இந்த வேலையில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் தூக்குகிறார்கள்.

மலிவு ஷாக் என்பது குழாய்க்குள் ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். துருப்பிடித்து இறுகினால் பிரித்துச் சரிசெய்ய முடியாது, முழுசாக மாற்ற வேண்டும். பின் ஷாக் மடங்கும் மூட்டில் உள்ள புஷ் தேய்ந்தால் பின்சக்கரமே ஒரு பக்கமாக ஆடும். அந்த அளவு புஷ் கடையில் கிடைப்பது அரிது. கியர் பக்கம் ஃப்ரீவீல் 350, செயினைக் கியர் மாற்றித் தள்ளும் டிரெய்லர் 400, செயின் 250, ஷிஃப்டரும் கேபிளும் 250. பிரேக் 200, தடித்த டயர் இரண்டு 900, டியூப் 300. மொத்தம் 2,650. வண்டிக்கு 500 கொடுத்தால்கூட 3,150. இது 3,000க்கு விலை போனாலே அதிகம். புது வண்டி வாங்கக் காசு சேர்க்கும் பையன் பழசில் அதற்கு மேல் கொடுக்க மாட்டான்.

இதையே எல்லாக் கியர் சைக்கிளுக்கும் சொல்ல மாட்டேன். ஷாக் இல்லாத, அலுமினிய ஃபிரேம் உள்ள ஹைபிரிட் சைக்கிள் ஓடாமல் பால்கனியில் நின்றிருந்தால் யோசிக்காமல் எடுக்கலாம். பெரும்பாலும் காற்றும் கேபிளும் மட்டுமே கேட்கும். ஃபிரேம் ஒட்டில் முடியளவு விரிசல் இருந்தால் மட்டும் வேண்டாம். அலுமினிய விரிசலைச் சாதாரணப் பட்டறையில் நம்பி ஒட்ட முடியாது.

எதுவரை சரிசெய்வது

ஒரே வண்டியை மூன்று விதமாக விற்கலாம்: கழுவி அப்படியே கொடுப்பது, ஓடும்படி செய்து கொடுப்பது, பெயிண்ட் அடித்துப் புதுசுபோலக் கொடுப்பது. மூன்றாவதில் நான் ஒருமுறைகூடக் காசு பார்த்ததில்லை. பெயிண்ட் அடித்த பழைய வண்டியைப் பார்த்தால் விவரம் தெரிந்தவர்கள் "எதை மறைக்க அடிச்சிருக்காங்க" என்றுதான் கேட்பார்கள். கேட்பதில் நியாயமும் இருக்கிறது, நான் மேலே சொன்ன மடிப்பை ஒரு பூச்சு பெயிண்ட் மறைத்துவிடும். அடியில் பொறித்திருக்கும் ஃபிரேம் எண்ணும் அதோடு மூடிப்போகும். திருட்டு வண்டியோ என்ற சந்தேகம் வர அது ஒன்றே போதும். பில் இல்லாத வண்டியை வாங்கும்போது கொடுப்பவரிடம் ஒரு தாளில் எண்ணோடு எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன். விற்கும்போது அதன் நகலைக் கொடுக்கிறேன்.

லேடீஸ் சைக்கிளுக்கு இரண்டாவது வழி சரி. ஹெர்குலிஸுக்கு முதல் வழியே மேல் என்று கணக்கு சொன்னது. அந்த அம்மாவிடம் இரண்டுக்கும் சேர்த்து 2,000 கொடுத்தேன். கியர் சைக்கிளை இரும்புக் கடைக்குக் கொடுத்துவிடச் சொன்னேன். ஹெர்குலிஸை மண்ணெண்ணெயில் துடைத்து, தேங்காய் எண்ணெய்த் துணியால் ஒருமுறை தடவி, வெடித்த டயரோடு அப்படியே நிறுத்தினேன். இரண்டாவது வாரம் ஓய்வுபெற்ற ஒருவர் வந்தார். அவருடைய அப்பா வைத்திருந்தது இதே வண்டியாம். தானே ஒவ்வொன்றாகச் சரிசெய்ய வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. பேரம் பேசாமல் 1,800 கொடுத்தார். 1,600 ரூபாய்க்குப் பாகம் போட்டிருந்தால் 300 நின்றிருக்கும், போடாததால் 700 நின்றது.

வில்லையைக் கழற்ற வேண்டாம் என்றேன். கழற்றவே மாட்டேன் என்றார். சீட் பில்லருக்கு தினமும் கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பத்து நாள் பொறுக்கச் சொன்னேன். காட்டர் பின்னைச் சுத்தியலால் அடிக்கும் முன் கிராங்குக்கு (மிதிகட்டைத் தண்டு) அடியில் ஒரு இரும்புக் குழாயை முட்டுக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த அடியெல்லாம் உள்ளே பால்ஸில் விழுந்து கப்பில் குழி விழும் என்று சொல்லி அனுப்பினேன்.