ஆய்வுநிதியா, நிறுவன மாற்றமா?

அறிவியல், பொறியியல் துறைகளில் பெண் ஆசிரியர்கள் மேலே வர இரண்டு வழிகள் முன்வைக்கப்படுகின்றன. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை நடத்திவந்த பெண் விஞ்ஞானிகள் திட்டம்போல, பணியில் இடைவெளி விழுந்தவருக்கு நேரடியாக ஆய்வுநிதி தருவது ஒன்று. உயர்கல்வி நிறுவனங்களில் பாலினச் சமத்துவத்துக்காகப் பிரிட்டனில் 2005இல் தொடங்கிய அதீனா ஸ்வான் சாசனத்தை ஒட்டி, அதே மத்தியத் துறை முன்னெடுத்த ‘கதி’ திட்டம்போல, நிறுவனமே தன் நடைமுறைகளைத் தணிக்கை செய்துகொள்வது மற்றொன்று.

முதலாவது விரைவானது, பிள்ளை பெற்றபின் ஆய்வகத்தை விட்டு விலகிய தண்டையார்பேட்டைப் பெண்ணுக்கு அது மறுபடி திறக்கும் கதவு. நிதிக்காலம் முடிந்தபின் நிரந்தரப் பணி உண்டா என்பதற்கு மட்டும் அதில் விடை இல்லை.

இரண்டாவது மெதுவானது, காகித வேலையும் (சொல்லி மாளாது) அதிகம். ஆயினும், கிண்டி வளாகத்தில் துறைக் கூட்டம் மாலை ஐந்தரைக்கு வைக்கப்பட்டால், மெட்ரோ பிடித்து விம்கோ நகர் திரும்பிக் காப்பகத்திலிருந்து குழந்தையை அழைத்துவர வேண்டியவர் பாதியிலேயே எழுந்துவிடுவார். ஆய்வக இடமும், ஆராய்ச்சி மாணவர் ஒதுக்கீடும், தேர்வுக்குழு உறுப்பினர் பெயர்களும் பேசி முடிக்கப்படுவதோ அதற்குப் பிறகுதான். அந்தக் கூட்ட நேரத்தை எந்த ஆய்வுநிதியாலும் மாற்ற முடியாது.

வேலையில்லாத ஆய்வாளர் கேட்டால் முதலாவதற்கு விண்ணப்பிக்கச் சொல்வேன். துணைவேந்தர் கேட்டால் இரண்டாவதையே சொல்வேன்.