தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்: ஆராய்ச்சி மாணவர்கள் கட்டாயம் போங்க

காரைக்குடி அருகே கோட்டையூரைச் சேர்ந்த, விளம்பரப் பலகை எழுதிய ரோஜா முத்தையா வாழ்நாள் முழுக்கச் சேர்த்த புத்தகங்களை, அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, சென்னைக்குக் கொண்டுவந்து 1994இல் தொடங்கிய நூலகம் இது. சித்த மருத்துவ நூல், நாடக நோட்டீஸ், சினிமா பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை என்று எதையும் அவர் ஒதுக்கவில்லை, அதனால்தான் மருத்துவ வரலாறு தேடுபவருக்கும் நாடக வரலாறு எழுதுபவருக்கும் இங்கே சரக்கு இருக்கிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது இங்குள்ள சிந்துவெளி ஆய்வு மையம். இந்த மையத்துக்கு வழிகாட்டிய கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் 1977இல் சிந்துவெளி முத்திரைகளில் உள்ள எழுத்துக் குறிகளைத் தொகுத்துக் கொடுத்தார், எந்தக் குறி முதலில் வருகிறது, எது கடைசியில் வருகிறது என்றெல்லாம் அட்டவணை போட்டு. அந்தத் தரவை வைத்துத்தான் 2009இல் கணினி, இயற்பியல் ஆட்கள் அவரோடு சேர்ந்து, குறிகளின் வரிசையில் எவ்வளவு ஒழுங்கு இருக்கிறது என்று கணக்கிட்டு சயின்ஸ் இதழில் எழுதினார்கள். அந்தக் குழுவில் ஒருவர் அப்போது இதே தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் இருந்தவர். கல்வெட்டு அறிஞரும் இயற்பியலாளரும் ஒரே கட்டுரையில் பெயர் போடுவதைப் பார்க்க எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது!

புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. அதனால் இணையத்தில் நூலகத்தின் புத்தகப் பட்டியலைப் பார்த்து, வேண்டிய தலைப்புகளைக் குறித்துக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள். அப்புறம், பழைய இதழ்களின் விளம்பரப் பக்கங்களையும் விடாமல் பாருங்க, அதுவே தனி ஆராய்ச்சிக்கு ஆகும்.