பழைய காரின் பெட்ரோல் முள்ளுக்கு மின்னணு ஸ்டெபிலைசர்: ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

கால் டேங்க் பெட்ரோல் இருப்பதாக முள் காட்டிக்கொண்டிருந்தபோதே, 1960களில் தயாரான என் பிரிட்டிஷ் கார் இரண்டு முறை பெட்ரோல் தீர்ந்து நின்றுவிட்டது. அதன் பிறகுதான் டேஷ்போர்டுக்குப் பின்னால் இருந்த பழைய வோல்டேஜ் ஸ்டெபிலைசரைக் கழற்றிவிட்டு, அதே அளவில் விற்கப்படும் மின்னணு ஸ்டெபிலைசர் ஒன்றைப் பொருத்தினேன்.

அக்காலத்து ஸ்மித்ஸ் (பிரிட்டிஷ் மீட்டர் நிறுவனம்) மீட்டருக்குள், ஈருலோகப் பட்டை (வெவ்வேறு அளவில் விரியும் இரு உலோகங்களை ஒட்டிய தகடு) ஒன்றின்மேல் சுற்றிய மெல்லிய கம்பி சூடாகும்போது பட்டை வளைந்து முள்ளைத் தள்ளுகிறது. டேங்கில் மிதவை உயர உயர அதோடு இணைந்த யூனிட்டின் மின்தடை குறைந்து, மின்னோட்டம் கூடி, முள் ஏறுகிறது. மின்னழுத்தம் கூடினாலும் முள் ஏறிவிடும் என்பதால்தான், சராசரியாக 10 வோல்ட் மட்டுமே மீட்டருக்குச் செல்லும்படி ஸ்டெபிலைசர் வைத்தார்கள். பழைய ஸ்டெபிலைசரும் ஈருலோகப் பட்டையால் இயங்குவதே. சூடானால் இணைப்பைத் துண்டிக்கும், ஆறினால் மீண்டும் இணைக்கும். அதற்கு எர்த், அதாவது காரின் உடலோடு உள்ள மின் இணைப்பு, அதன் தகட்டு உடல் வழியாகவே கிடைக்க வேண்டும். துருவோ பெயின்டோ அதைத் தடுத்துவிட்டால், உள்ளே கம்பி சூடாகாமல், இணைப்பு துண்டிக்கப்படாமல், பேட்டரியின் முழு மின்னழுத்தமும் மீட்டருக்குப் போய்விடும். என் காரில் பெட்ரோல் முள்ளும் வெப்பநிலை முள்ளும் சேர்ந்தே மிகையாகக் காட்டியதற்கு இதுவே காரணம். இரண்டு முட்களும் இப்படி ஒன்றாகப் பொய் சொன்னால், முதலில் ஸ்டெபிலைசரின் எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து பாருங்கள். புதிதாக எதுவும் வாங்க வேண்டிய தேவையே இல்லாமல் போகலாம். என் பழைய ஸ்டெபிலைசர் அதற்கும் மசியவில்லை.

பொருத்துவது எளிது. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, பழைய கம்பிகளைக் குறியிடப்பட்ட முனைகளில் மாற்றிச் செருகினால் போதும். எர்த்துக்கென்று தனிக் கம்பி கொடுத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்தது, ஏனெனில் பழைய வடிவமைப்பின் பலவீனமே அந்த இடத்தில்தான் இருந்தது. எஞ்சின் ஓடும்போது மல்டிமீட்டரில் 10 வோல்ட் அசையாமல் நின்றது.

ஆனால் டேங்கை நிரப்பியபோது முள் முக்கால் அளவிலேயே நின்றுவிட்டது. பொருள் பழுது என்றுதான் முதலில் நினைத்தேன். டேங்கை வடித்துவிட்டு, பக்கவாட்டில் உள்ள பூட்டு வளையத்தைத் திறந்து மிதவை யூனிட்டை வெளியே எடுத்தபோது, பித்தளை மிதவையில் ஊசித்துளை விழுந்து உள்ளே பெட்ரோல் புகுந்திருந்தது தெரிந்தது. கனத்துப்போன மிதவை அமிழ்ந்து கிடந்து முள்ளை இறக்கியதும், கெட்டுப்போன ஸ்டெபிலைசர் அதை ஏற்றியதும் இவ்வளவு காலம் ஒன்றையொன்று மறைத்திருக்கின்றன. புதிய மிதவையும் புதிய ரப்பர் வளையமும் போட்டபின் முள் முழு அளவைத் தொட்டது. இந்த வேலையைக் காற்றோட்டமான திறந்த வெளியில், தீப்பொறிக்கு வழியில்லாதபடி மட்டுமே செய்ய வேண்டும்.

குறைகள் இரண்டு. எஞ்சின் மெதுவாக ஓடும்போது விளக்குகளும் வைப்பரும் சேர்ந்து இயங்கினால் பேட்டரி 11.6 வோல்ட்டுக்கு இறங்குகிறது, ஸ்டெபிலைசரின் வெளியீடும் 9.6 ஆகி முள் சற்றுத் தாழ்கிறது. உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் குறைந்த மின்னழுத்த இடைவெளியே போதுமான ரெகுலேட்டரை (மின்னழுத்தத்தை நிலையாக வைக்கும் உள் பாகம்) வைத்திருந்தால் இது நேராது. பாசிட்டிவ் எர்த் கார்களுக்கு (பேட்டரியின் பாசிட்டிவ் முனை காரின் உடலோடு இணைந்தவை) வேறு வகை வாங்க வேண்டும் என்ற முக்கியமான எச்சரிக்கையை அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பதும் சரியல்ல.

இவற்றை மீறியும் இதே ஸ்டெபிலைசரை மீண்டும் வாங்குவேன். காலி டேங்கில் ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் முள் ஓய அரை நிமிடம் காத்திருந்து, அது நின்ற இடத்தை ஒரு தாளில் குறித்துக்கொண்டேன்; டேங்கின் வடிவத்தால் கடைசிக் கால் பகுதி வேகமாக இறங்குவது அப்போதுதான் புலப்பட்டது. அந்தத் தாள் காரிலேயே இருக்கிறது. ஆறு மாதமாக முள்ளும் தாளும் ஒத்துப்போகின்றன.