பள்ளிக்கூடத்துக்குப் பணம் எங்கிருந்து? கலிபோர்னியா 2012-ல் பார்த்த மூன்று வழிகள்

2012 நவம்பர் தேர்தலில், பள்ளி நிதிப் பற்றாக்குறைக்கு என்ன செய்வது என்பதில் கலிபோர்னியா வாக்காளர்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. அங்கே முன்மொழிவு என்றால் மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டு முடிவு செய்யும் சட்ட வரைவு. ஒன்று வரியை உயர்த்தக் கேட்ட ஆளுநர் ஜெர்ரி பிரவுனின் முன்மொழிவு 30. இன்னொன்று வேறு விதமாக வரியை உயர்த்தக் கேட்டு வழக்கறிஞர் மாலி மங்கர் கொண்டுவந்த முன்மொழிவு 38. மூன்றாவது, இரண்டையும் தோற்கடித்துவிட்டு "முதலில் வீண்செலவை நிறுத்துங்கள், அப்புறம் வரி கேளுங்கள்" என்று சொல்வது. பள்ளி நிதிக்காக எங்கே சண்டை நடந்தாலும் வாதங்கள் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் வந்து நிற்கின்றன.

மூன்றாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. காசில்லை, 70 பூங்காக்களை மூடப்போகிறோம் என்று சொல்லி வந்த மாநிலப் பூங்காத் துறை, 5.4 கோடி டாலரைக் கணக்கில் காட்டாமல் வைத்திருந்தது அந்த ஜூலையில் அம்பலமானது. பூங்காவைக் காப்பாற்ற நன்கொடை திரட்டிய மக்களுக்கு எப்படி இருந்திருக்கும்? அதே மாதம் அதிவேக ரயிலின் முதல் பகுதிக்குச் சட்டமன்றம் நிதி ஒதுக்கியது. அந்தத் திட்டத்தின் மதிப்பீடு அதற்குள் 6,800 கோடி டாலரைத் தொட்டிருந்தது.

ஆனால் கணக்குப் போட்டால் இந்த வழி நிற்காது. மாநில பட்ஜெட்டில் அடைக்க வேண்டிய பள்ளம் சுமார் 600 கோடி டாலர். பூங்காத் துறை மறைத்த தொகை அதில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. ரயிலுக்காக எடுத்த கடன்பத்திரப் பணத்தையோ ஆசிரியர் சம்பளத்துக்குத் திருப்ப முடியாது. வீண்செலவை ஒழித்தே ஆக வேண்டும். ஆனால் அது வரி கேட்கும் அரசின் மீது நம்பிக்கையைத்தான் மீட்டுத் தரும், அந்த ஆண்டுப் பள்ளத்தை மூடாது.

முன்மொழிவு 30 தோற்றால் தானாக அமலாகும் வெட்டு பட்ஜெட்டிலேயே எழுதப்பட்டிருந்தது. பெரும்பகுதி பள்ளிகளுக்கும் சமுதாயக் கல்லூரிகளுக்கும். ஏற்கெனவே 180 பள்ளி நாட்களை 175 ஆகக் குறைக்க அனுமதி இருந்தது. 30 தோற்றால் இரண்டு ஆண்டுகளில் சேர்த்து இன்னும் 15 நாட்கள் வரை குறைத்துக்கொள்ளலாம். இதைவிடக் கொடியது மார்ச் 15. அடுத்த ஆண்டு வேலை இல்லாமல் போகக்கூடிய ஆசிரியருக்கு அந்தத் தேதிக்குள் லேஆஃப் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும் என்பது மாநிலச் சட்டம். பட்ஜெட் முடிவாவது ஜூனில்தான். அதனால் பல பள்ளி மாவட்டங்கள் (பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்புகள்) முன்னெச்சரிக்கையாக நிறையப் பேருக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டு, பிறகு பலரைத் திரும்ப அழைக்கும். பணிமூப்புப்படி வெட்டு முதலில் விழுவது புதியவர்கள் மேல். புதியவர்கள் அதிகம் இருப்பது ஏழைப் பகுதிப் பள்ளிகளில். 2009-ல் லாஸ் ஏஞ்சலஸின் சில நடுநிலைப் பள்ளிகளில் பாதிக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்கு நோட்டீஸ் போனது, அது வழக்காகவும் ஆனது. இதைப் பார்த்த பிறகு "வெட்டினால் என்ன, சமாளித்துக்கொள்வார்கள்" என்று என்னால் சொல்ல முடியாது.

இனி இரண்டு வரித் திட்டங்கள். முன்மொழிவு 30 தனிநபர் வருமானம் ஆண்டுக்கு 2,50,000 டாலரைத் தாண்டினால் மட்டும் வருமான வரியை 7 ஆண்டுகளுக்கு உயர்த்தியது. விற்பனை வரியில் கூடுதலாகக் கால் சதவீதம், 4 ஆண்டுகளுக்கு. முன்மொழிவு 38-ஓ ஆண்டுக்கு 7,316 டாலருக்கு மேல் வரிக்குரிய வருமானம் உள்ள ஏறக்குறைய எல்லோரிடமும் 12 ஆண்டுகளுக்குக் கேட்டது. அது ஆண்டுக்குச் சுமார் 1,000 கோடி டாலர் தரும். பள்ளிக்கான பங்கு மாணவர் எண்ணிக்கைப்படி பள்ளிகளுக்கே போகும், சட்டமன்றம் கை வைக்க முடியாது. மாநிலப் பெற்றோர்-ஆசிரியர் சங்கம் இதைத்தான் ஆதரித்தது.

பணம் எங்கே போகிறது என்ற கேள்வியில் 38 நேர்மையானது. 30-ன் பணம் பொது நிதியோடு கலந்தது, பள்ளி பெயரைச் சொல்லி மற்ற பள்ளங்களையும் மூடினார்கள் என்ற விமர்சனம் தவறில்லை. குழந்தைகளின் பள்ளி நாட்களைப் பணயம் வைத்து ஓட்டுக் கேட்டதும் எனக்கு உறுத்துகிறது. இருந்தாலும் நான் 30-ன் பக்கம்தான். 2008 பொருளாதாரச் சரிவில் வேலையும் வீடும் இழந்த குடும்பங்களிடம் 12 ஆண்டுக்கு வரி கேட்பது அந்த நேரத்தில் அநியாயம். தவிர, அந்தக் கல்வியாண்டின் வெட்டைத் தடுக்கும் வழி 30 மட்டுமே. முன்மொழிவு 30 சுமார் 55 சதவீத வாக்குகளோடு வென்றது. 38-க்கு 29 சதவீதம்கூடக் கிடைக்கவில்லை.

30-ன் பலவீனமும் பணக்காரர்களை நம்பியிருப்பதில்தான். பங்குச்சந்தை விழுந்தால் அவர்கள் வருமானம் விழும், கூடவே பள்ளி நிதியும் விழும். இந்த நிலை வரக் காரணம் 1978-ன் முன்மொழிவு 13. சொத்து வரியை மதிப்பில் 1 சதவீதமாகக் கட்டிப்போட்டு, சொத்து கைமாறும் வரை வரிக்கான மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்றது அது. 1978-ல் 80,000 டாலருக்கு வாங்கிய வீடு கைமாறாமல் இருந்தால் 2012-லும் சுமார் 1,570 டாலர்தான் வரி. பக்கத்து வீட்டை 2012-ல் 6,00,000-க்கு வாங்கியவர் கட்டுவது 6,000. வணிக வளாகங்களுக்கும் இதே சலுகை. பள்ளிகளின் நிலையான வருமானம் கரைந்தது இங்கேதான், 2012-ன் எந்த வழியும் இதைத் தொடவில்லை.

2020-ல் முன்மொழிவு 15 பெரிய வணிகச் சொத்துகளுக்கு மட்டும் சந்தை மதிப்பில் வரி போட முயன்று, 48-க்கு 52 என்று தோற்றது. இதற்கிடையே 30-ன் வருமான வரியை முன்மொழிவு 55 என்ற இன்னொரு வாக்கெடுப்பு 2030 வரை நீட்டித்திருக்கிறது. அது காலாவதியாகும் முன் வணிகச் சொத்து வரியை மறுபடி வாக்குக்குக் கொண்டுவர வேண்டும், கிடைக்கும் பணத்தை 38 சொன்னபடி நேராகப் பள்ளிக்கே அனுப்ப வேண்டும் என்பது என் வாதம்.