டவுன் சிண்ட்ரோம்: பயிற்சி அம்மாவுக்கா, டீச்சருக்கா?

பிறவியிலேயே வந்து, பேச்சையும் கற்றலையும் தாமதப்படுத்தும் டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் வயது நெருங்கும்போது வீட்டிலும் பள்ளியிலும் ஒரே கேள்விதான் எழும். பயிற்சிக்கு யார் போவது, எந்தப் பயிற்சிக்குப் போவது? ஒருநாள் பயிலரங்கு, இணைய வகுப்பு, தாயும் பிள்ளையும் சேர்ந்து போகும் மையம், வீட்டுக்கே வரும் பயிற்றுநர், இரண்டாண்டு டிப்ளமோ, வகுப்பு உதவியாளருக்கான குறும்பயிற்சி என்று வழிகள் நிறைய. எல்லாவற்றையும் இரண்டே கேள்விகளை வைத்து எடை போடுகிறேன். பயிற்சி முடிந்த மறுநாள், பிள்ளையின் பக்கத்தில் உட்காருபவர் முன்பு செய்யாத எதைச் செய்கிறார்? அதைச் சரியாகத்தான் செய்கிறாரா என்று பார்க்க யாராவது திரும்பி வருகிறார்களா?

முதலில் ஒருநாள் பயிலரங்கு. 21-ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பது, அதை 1959-இல் பிரெஞ்சு மருத்துவர்கள் கண்டறிந்தது, மார்ச் 21 உலக டவுன் சிண்ட்ரோம் நாள் ஆனது என்று காலை அமர்வு போய்விடும். மதியம் சாப்பாடு, மாலையில் சான்றிதழும் குழுப்படமும். ஆசிரியர் மனதில் இரக்கம் கூடியிருக்கும். கைக்கு வேலை எதுவும் கிடைத்திருக்காது. இத்தனைக்கும் ஒரே நாளில் சொல்லித்தர உருப்படியான விஷயங்கள் உண்டு. இந்தப் பிள்ளைகளில் பலருக்கு நடுக்காதில் நீர் கோத்துக் கேட்கும் திறன் குறையும். கூப்பிட்டும் திரும்பாத பிள்ளையைத் திமிர் பிடித்தவன் என்று முத்திரை குத்துவதற்கு முன்னால் காதைப் பரிசோதிக்கச் சொல்ல வேண்டும். சிலருக்குக் கழுத்தின் மேல்பகுதி எலும்புகளுக்கு இடையே பிடிமானம் தளர்ந்திருக்கும். மருத்துவரைக் கேட்காமல் குட்டிக்கரணம் போடவைக்கக் கூடாது என்பது உடற்கல்வி ஆசிரியருக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

இன்னொன்று, காத்திருப்பது. “கையில என்ன வச்சிருக்க?” என்று டீச்சர் கேட்கிறார். பதில் வரவில்லை. மூன்று விநாடிகூட ஆகாது, “சொல்லு, இது என்னது? பென்சிலா?” என்று கேள்வியை மாற்றிக் கேட்டுவிடுவார். பிள்ளை முதல் கேள்விக்கான பதிலைப் பாதி தேடியிருக்கும். இப்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். மனசுக்குள் பத்து எண்ணிவிட்டு, அப்போதும் பதில் இல்லையென்றால் அதே கேள்வியை அதே சொற்களில் கேட்கச் சொல்லிக்கொடுக்கும் பயிலரங்கு என்றால் விடுப்பு போட்டுவிட்டுப் போகலாம். மற்றவற்றுக்குப் போகாவிட்டாலும் நஷ்டமில்லை.

இணையவழிப் பயிற்சி இதே சரக்குதான், திரும்பப் போட்டுப் பார்க்கலாம் என்ற வசதியோடு. 2019-இல் மத்திய அரசு தொடங்கி, 2020-இல் இணையத்துக்குக் கொண்டுவந்த நிஷ்தா ஆசிரியர் பயிற்சியில் உள்ளடக்கிய கல்விக்கும், அதாவது இந்தப் பிள்ளைகளையும் சாதாரண வகுப்பிலேயே சேர்த்துக் கற்பிப்பதற்கும், இடம் இருக்கிறது. எட்டும் ஆசிரியர்களின் எண்ணிக்கையில் இதை மிஞ்சுவது கடினம். ஆனால் நீங்கள் செய்வதைப் பார்க்க எதிரில் ஆள் கிடையாது.

உண்மையான போட்டி பெற்றோர் பயிற்சியில்தான் தொடங்குகிறது. வீட்டுக்கு ஆள் வருவது ஒன்று, மையத்துக்கு நாம் போவது மற்றொன்று. வீட்டுக்கு வரும் முறைக்கு முன்னோடி, 1969-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் போர்ட்டேஜ் என்ற சிற்றூரில் தொடங்கிய திட்டம். வாரம் ஒருமுறை பயிற்றுநர் வீட்டுக்கு வருவார். பிள்ளை அடுத்து எட்டக்கூடிய ஒரு சிறு திறனைப் பெற்றோரோடு பேசித் தேர்ந்தெடுப்பார். முதலில் தானே செய்து காட்டுவார், பிறகு பெற்றோரைச் செய்யச் சொல்லி அருகிலிருந்து பார்ப்பார். தினமும் குறித்துவைக்க ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போவார், அடுத்த வாரம் வந்து அதை வாங்கிப் பார்ப்பார். நான் கேட்கும் இரண்டு கேள்விக்கும் இங்கே பதில் இருக்கிறது. நம்மூரில் இதற்குள்ள சிக்கல், வாரம் தவறாமல் படியேறி வர ஆள் வேண்டும். தனியார் பயிற்றுநர் என்றால் கட்டணமும் நிற்காமல் ஓடும்.

சென்னை தி.நகரில் உள்ள மதுரம் நாராயணன் மையம் உருவாக்கிய உபநயன் பாடத்திட்டமும் இதே போன்ற சரிபார்ப்புப் பட்டியலும் செயல் அட்டைகளும் கொண்டதுதான். உடலியக்கம், தன் வேலையைத் தானே செய்தல், மொழி, அறிதல், பழகுதல் என்று ஐந்து பிரிவு. பிள்ளையை விட்டுவிட்டு வெளியே காத்திருக்கிற கதை இங்கே கிடையாது. அம்மாவும் கூடவே உட்கார்ந்து கற்க வேண்டும். வீட்டுக்கு வரும் முறையில் கிடைக்காத ஒன்று இதில் உண்டு. பக்கத்துப் பாயில் இன்னொரு அம்மா இருப்பார், அவருடைய பிள்ளை ஆறு மாதம் முன்னால் போய்க்கொண்டிருக்கும். எந்தப் பயிற்றுநரும் தர முடியாத தெம்பு அதிலிருந்து வரும். 1984-இல் சுரேகா ராமச்சந்திரன் சென்னையில் தொடங்கி, இன்று இந்திய டவுன் சிண்ட்ரோம் கூட்டமைப்பாக இருக்கும் அமைப்பின் பலமும் இதுதான். தொடங்கியவரே ஒரு தாய்.

மையத்தின் குறை தூரமும் நேரமும். வேலைநாளில் காலைப் பொழுதில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற யாரால் முடியும்? பெரும்பாலும் அம்மாவால், அதுவும் வேலையை விட்ட அம்மாவால். பெற்றோர் பயிற்சி என்று பெயர். அப்பாக்களை அங்கே தேடித்தான் பார்க்க வேண்டும். சென்னைக்கு வெளியே இருப்பவர்கள் மாவட்ட அளவில் அரசு நடத்தும், சிறு வயதிலேயே பயிற்சியைத் தொடங்கிவைக்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் தொடங்கலாம், செலவில்லை. ஐந்து வயது வரைக்கும் என்னைக் கேட்டால் மையம்தான், தூரம் கட்டுப்படியாகாதவர்களுக்கு வீட்டுமுறை.

பள்ளி என்று வந்துவிட்டால் கணக்கு மாறுகிறது. சிறப்புக் கல்வியில் இரண்டாண்டு டிப்ளமோ அல்லது பி.எட். படித்து, இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்தவர்தான் இதில் முழுத் தேர்ச்சி பெற்றவர். ஆழத்தில் அந்தப் படிப்புக்கு ஈடு இல்லை. ஆனால் அரசுப் பள்ளிகளுக்கு வரும் சிறப்புப் பயிற்றுநர் வட்டார வள மையத்திலிருந்து பல பள்ளிகளுக்குச் சுற்றிவருபவர். அவர் வராத நாட்களிலெல்லாம் பிள்ளை யாரிடம் இருக்கும்? எதுவும் சொல்லித்தரப்படாத வகுப்பாசிரியரிடம். தனியார் பள்ளி ஒரு சிறப்பாசிரியரை வேலைக்கு வைத்துக்கொண்டால் இன்னொரு நோய் வரும்: “அது அவங்க பிள்ளை” என்று மற்ற ஆசிரியர்கள் கைகழுவி விடுவார்கள்.

எதிர்ப்பக்கத்தில் இங்கிலாந்தில் செய்து பார்த்த ஒரு வழி. வகுப்பு உதவியாளர்களுக்குக் குறுகிய பயிற்சி கொடுத்து, தினமும் 40 நிமிடம், பாதி வாசிப்பு, பாதி மொழி என்று பிள்ளையோடு தனியே உட்காரவைத்தார்கள். சாதாரணப் பள்ளிகளில் படித்த டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகள் 57 பேர். ஒரு பாதிக்கு உடனே, மறுபாதிக்கு 20 வாரம் கழித்து. 2012-இல் வெளியான முடிவின்படி, உடனே தொடங்கிய பிள்ளைகள் சொல் வாசிப்பு, எழுத்தொலி, ஒலிகளைக் கூட்டுதல், சொல்லிக்கொடுத்த சொற்கள் ஆகியவற்றில் முந்தினார்கள். சொல்லிக்கொடுக்காத திறன்களுக்கு அந்தப் பலன் பரவவில்லை. சின்ன வயதுப் பிள்ளைகளும் அதிக அமர்வுகளுக்கு வந்தவர்களும் கூடுதலாக முன்னேறினார்கள். பெரிய பட்டம் இல்லாதவர் தினமும் ஒழுங்காக உட்கார்ந்தாலே பலன் கிடைக்கும் என்பது இதில் தெளிவாகிறது. அதே சமயம், இதிலிருந்து அற்புதத்தை எதிர்பார்க்கவும் கூடாது.

இதை அப்படியே இங்கே இறக்க முடியாது. இந்தப் பிள்ளைகளுக்குக் காதால் கேட்டு நினைவில் வைப்பது கடினம், கண்ணால் பார்த்துப் பிடிப்பது எளிது. நாமோ ‘அ, ஆ, இ, ஈ’ என்று கோரஸில் ஆரம்பிக்கிறோம், அது பலவீனமான பக்கத்தில் போய் இடிக்கிறது. முழுச் சொல்லில் தொடங்கலாம். அப்பா, பால், பந்து: பேச்சிலும் எழுத்திலும் ஒன்றாக இருக்கிற, பிள்ளைக்கு வேண்டிய சொற்கள். ‘பால்’ அட்டையை இன்னொரு ‘பால்’ அட்டை மேல் வைக்கச் சொல்வது முதல் படி. இரண்டு அட்டையில் ‘பால்’ எது என்று எடுக்கவைப்பது அடுத்தது. வாயால் சொல்லவைப்பது கடைசி. தப்பாக எடுக்கப் போகும் கையை முன்னாலேயே மெதுவாகத் திருப்பிவிட வேண்டும். ‘பல்’ என்ற அட்டையை அதே வாரத்தில் கொண்டுவரக் கூடாது. இதை ஓர் ஆசிரியருக்கோ உதவியாளருக்கோ செய்து காட்டிப் பழக்க ஒரு மதியம் போதும். அடுத்த வாரம் வந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே பள்ளி வயதில் என் ஓட்டு குறும்பயிற்சி பெற்ற வகுப்பு ஆளுக்கு. டிப்ளமோ படித்தவரைப் பிள்ளையைத் தனியறைக்குக் கூட்டிப்போகும் வேலையில் வைக்காமல், மாதம் இருமுறை வந்து மற்றவர்களைத் திருத்தும் வேலையில் வைத்தால் அந்தப் படிப்புக்கு முழுப் பயன் கிடைக்கும். அம்மா மையத்தில் கற்ற அட்டைகளும் அதே மேசைக்கு வரட்டும். வீட்டில் ஒரு முறை, பள்ளியில் ஒரு முறை என்றால் குழம்பப்போவது பிள்ளை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவதை அரசின் கடமை என்றே சொல்கிறது. கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.

ஆசிரியர் பயிற்சியில் பெற்றோர் பயிற்சிக்கு இல்லாத ஓட்டை ஒன்று இருக்கிறது. கலந்தாய்வில் டீச்சருக்கு மாறுதல் வந்தால் பயிற்சியும் அவரோடு போய்விடும். மாறுதல் இல்லாவிட்டாலும் ஜூனில் பிள்ளை அடுத்த வகுப்புக்குப் போய்விடும். பயிற்சிக்குப் பெயர் கேட்டு வரும்போது இந்த ஆண்டின் வகுப்பாசிரியரோடு அடுத்த ஆண்டு வகுப்பெடுக்கப் போகிறவரின் பெயரையும் சேர்த்துக் கொடுக்கும்படி தலைமையாசிரியரிடம் பெற்றோர் எழுதியே கேட்டுவிடலாம்.