துப்புவதற்கென்றே ஒரு பவுடர்

காலை ஐந்தரைக்கு ஜிம்முக்குப் போகிற எனக்கு ஒரு பழைய தொல்லை. ஒரு வாய் எதைக் குடித்துவிட்டுக் குனிந்து எடைக் கம்பியைத் தூக்கினாலும் தொண்டை வரை எதுக்களித்துக்கொண்டு வரும். அதனால் எடையோடு உட்கார்ந்து எழுகிற ஸ்குவாட், மல்லாந்து படுத்து எடையை மேலே தள்ளுகிற பெஞ்ச் பிரஸ் எல்லாமே வெறும் வயிற்றில்தான். மூன்றாவது செட்டை, அதாவது மூன்றாவது சுற்றைத் தாண்டினால் ஆள் துவண்டுவிடுவேன். "குடிக்க வேண்டாம், கொப்பளித்துத் துப்பினாலே பலம் கூடும்" என்று ஒரு டப்பாவின் மேல் போட்டிருந்தது. எனக்காகவே எழுதியது போலிருக்கிறதே என்று வாங்கிவிட்டேன். ஆறு வாரமாகிறது, டப்பா பாதி காலி.

உள்ளே இருப்பது சுவை சேர்க்காத மால்டோடெக்ஸ்ட்ரின், அதாவது மாவுச்சத்திலிருந்து எடுக்கிற ஒரு பொடி, வேறொன்றுமில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை, ஆராய்ச்சிகளில் பயன்பட்டதும் இதே சரக்குதான். 2004-இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு 6.4 சதவீதக் கரைசலைக் கொடுத்துக் கொப்பளித்துத் துப்பச் சொன்னார்கள். ஏறத்தாழ ஒரு மணி நேர ஓட்டத்தில் 2.9 சதவீத முன்னேற்றம். அதே குழு குளுக்கோஸை நேராக நரம்பில் ஏற்றிப் பார்த்தபோது ஒரு பலனும் தெரியவில்லை! இந்தப் பலன் சர்க்கரை தசைக்குப் போய்ச் சேருவதால் வருவதில்லை, வாயிலிருந்தே மூளைக்கு ஏதோ சேதி போகிறது என்று அப்போதுதான் பிடிபட்டது. 2009-இல் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். குளுக்கோஸுக்கும், இனிப்பே அதிகம் இல்லாத மால்டோடெக்ஸ்ட்ரினுக்கும் அசைந்து கொடுத்த சில பகுதிகள், இனிக்கிற செயற்கைச் சர்க்கரையான சாக்கரினுக்கு அசையவில்லை. நாக்கை ஏமாற்றலாம், மூளையை முடியாது போலிருக்கிறது.

ஆனால் இதெல்லாம் சைக்கிள் கதை. எடை தூக்குவதில் பெஞ்ச் பிரஸ்ஸை வைத்து 2011-இல் வந்த ஆய்வில் அதிகபட்ச எடையும் கூடவில்லை, செட்டுகளில் ரெப்ஸும், அதாவது தூக்கும் தடவைகளும் கூடவில்லை. பின்னால் வந்தவை சில ஆம் என்கின்றன, சில இல்லை என்கின்றன. டப்பாக்காரர்கள் "பலம்" என்று கொட்டை எழுத்தில் போட்டதுதான் எனக்கு உறுத்துகிறது.

அடுத்தது கரண்டி. உள்ளே போட்டிருப்பது 30 கிராம் கரண்டி. 250 மில்லி தண்ணீருக்கு 6.4 சதவீதம் வேண்டுமென்றால் 16 கிராம் போதும். லேபிளோ ஒரு கரண்டி போடு என்கிறது. முதல் வாரம் நானும் அப்படியே போட்டு, பிசுபிசுத்த வாயோடு திரிந்தேன். பிறகுதான் தராசை எடுத்தேன். குளிர்ந்த தண்ணீரில் கொட்டினால் கட்டி கட்டியாக மிதக்கும். கொஞ்சம் வெதுவெதுப்பான நீரில் கரைத்துவிட்டு மீதியை ஊற்றினால் சரியாகிறது. மிச்சம் வைத்து மறுநாள் திறந்தால் ஒரு புளித்த வாடை. அன்றன்றைக்குக் கரைப்பதே நல்லது.

மருந்து ஊற்றுகிற மூடியால் 25 மில்லி அளந்து, ஒவ்வொரு செட்டுக்கு முன்பும் பத்து எண்ணும்வரை வாயில் சுழற்றித் துப்புகிறேன். வாஷ்பேசினுக்கு நாலைந்து தடவை ஓடுகிறவனைப் பார்த்துப் பக்கத்தில் இருந்த தம்பி, "அண்ணே, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டே விட்டான்.

நம்பிக்கையே பாதி வேலை செய்யும் என்பதால் மகளைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டேன். ஒரு பாட்டிலில் பவுடர், இன்னொன்றில் வெறும் தண்ணீர், இரண்டிலும் இனிப்பு மாத்திரை. எது எது என்பது அவளுக்கு மட்டும் தெரியும். எட்டு காலை, 50 கிலோ பெஞ்ச், முடிகிறவரை நான்கு செட். பவுடர் நாட்களில் மொத்தமாக இரண்டு மூன்று ரெப்ஸ் அதிகம், அதுவும் கடைசி இரண்டு செட்டில்தான். அதிகபட்ச எடை எதைக் கொப்பளித்தாலும் 80 கிலோதான். ஒருநாள் நோட்டில் "இன்று பவுடர்தான், சந்தேகமே இல்லை, பிரமாதம்" என்று எழுதி வைத்தேன். "அப்பா, அது வெறும் தண்ணி" என்றாள். எட்டு நாள் கணக்கை வைத்து யாரும் சத்தியம் செய்ய முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். சாப்பிட்டுவிட்டு மாலையில் போன நாட்களில் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

பல்லையும் கவனிக்க வேண்டும். எச்சில் பட்டால் மால்டோடெக்ஸ்ட்ரின் சர்க்கரையாக உடையும், துப்பினாலும் ஒரு பூச்சு மிஞ்சும். கடைசி செட் முடிந்ததும் வெறும் தண்ணீரில் நன்றாகக் கொப்பளித்துவிடுகிறேன்.

என்னைப் போல வெறும் வயிற்றுக்காரராக, ரெப்ஸ் அதிகம் செய்கிறவராக இருந்தால் முயன்று பார்க்கலாம். ஒரே ஒரு ரெப் எடையை ஏற்றத் துடிக்கிறவர்களுக்கு இதில் ஒன்றுமில்லை. எனக்கு ஐந்துக்கு மூன்று. ஒரு நட்சத்திரம் லேபிளுக்கும் இன்னொன்று கரண்டிக்கும் போய்விட்டது. தீர்ந்ததும் கொப்பளிக்கிற படமெல்லாம் போடாத சாதா மால்டோடெக்ஸ்ட்ரின்தான் வாங்குவேன். அந்தக் கரண்டியை மகள் செடிக்கு உரம் போட எடுத்துக்கொண்டாள்.